அப்பருக்கு வலித்த இடம்

சமய வகுப்பில் பிள்ளைகள் தவறாமல் சிரிக்கிற பாடம் ஒன்று உண்டு. ஆணவம், கன்மம், மாயை என்று பலகையில் எழுதி, மேலே ‘மும்மலம்’ என்று தலைப்பு வைப்பேன். சாக்குக்கட்டியைக் கீழே வைப்பதற்குள் பின்வரிசையில் தொடங்கிவிடும். “மூணு மலமா டீச்சர்?” என்று ஒருவன் கேட்பான். மற்றவர்கள் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்குவார்கள். பல வருஷம் அதட்டித்தான் அடக்கிவந்தேன். இப்போது அடக்குவதில்லை. ஒரு பையனால் வந்த மாற்றம் அது.

நான் அரசாங்க மருத்துவமனையில் 27 வருஷம் தாதியாக இருந்தவள். அதில் பாதிக்குமேல் பிள்ளைகள் வார்டு. ஓய்வு பெற்றபின் பினாங்கு ஜார்ஜ்டவுனில், குவீன் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து நடந்துவிடுகிற தூரத்தில் உள்ள ஒரு சின்ன மண்டபத்தில், ஞாயிறு காலை தேவார வகுப்பு நடத்துகிறேன். 7 வயதிலிருந்து 12 வயது வரை பத்துப் பதினைந்து பிள்ளைகள் வருவார்கள். வகுப்பு முடிந்ததும் செண்டோல் வாங்கித் தருவார்கள் என்ற ஆசையில் வருகிறவர்களும் உண்டு. அதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை.

அந்த மாதம் அப்பர் வரலாறு. மருள்நீக்கியார் என்று பிறந்தார். அக்காள் திலகவதியாரை விட்டுச் சமணத்துக்குப் போய்த் தருமசேனர் என்று பெயர் பெற்றார். தம்பி திரும்ப வரவேண்டும் என்று அக்காள் திருவதிகை ஈசனிடம் அழுதார். ஈசன் கனவில் வந்து, சூலை கொடுத்து ஆட்கொள்வேன் என்றார். எனக்கு என் ஆசிரியர் எப்படிச் சொன்னாரோ அப்படியே சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் தரையில் புரண்டதை நடித்தே காட்டினேன். பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அவன் அம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். பாடும்போது குனிந்தே உட்கார்ந்திருந்தான். வகுப்பு கலைந்ததும் செருப்பு கழற்றிவைக்கிற இடத்தில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: “டீச்சர், சாமி எனக்கும் குடுத்துட்டாரா? நான் என்னா செஞ்சேன்?”

ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சு வரவில்லை. வார்டில் எத்தனையோ பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். வாய் திறந்து இப்படிக் கேட்டது அவன் ஒருவன்தான். கேட்காத பிள்ளைகளுக்குள்ளும் இதே கேள்வி இருந்திருக்கும். எனக்குள்ளும் இருந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. கடலுக்கு அக்கரையில், செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டம். அம்மன் படையலுக்குச் சுட்டு வைத்திருந்த வடையில் ஒன்றை யாரும் பார்க்காதபோது எடுத்துத் தின்றேன். அன்றிரவே வாந்தி, பேதி. விடியற்காலைக்குள் எழுந்து நிற்க முடியவில்லை. “சாமி குத்தம்” என்று பாட்டி நெற்றியில் திருநீறு இட்டு, வேப்பிலையைத் தலைமாட்டில் வைத்தாள். நான் பிழைத்தேன். ஆனால் அந்த வடையை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதே வாரம் எங்கள் லயத்தில் இன்னும் நாலு பிள்ளைகளுக்குப் பேதி. அவர்கள் யாரும் வடை திருடவில்லை. மழைக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர் கலங்கலாக வந்ததை எல்லாரும் பார்த்தோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தாதிப் பயிற்சி வரை ஆனது. அதுவரை, கோயிலில் கண்ணை மூடினால் எனக்கு முதலில் தெரிந்தது அந்த வடைதான்.

பாட்டியை நான் குறை சொல்லமாட்டேன். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்குக் கரையைக் கண்ணால் பார்த்தும் இறங்கவிடாமல் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் நாள் எண்ணிவிட்டு வந்தவள் அவள். பேதி கண்டவர்கள் காலையில் இருந்து மாலையில் இல்லாமல் போவதைப் பார்த்தவள். ஊரில் அதை நோய் என்றே சொல்லமாட்டார்களாம். “அவ வந்திருக்கா” என்பார்களாம். மருந்து இல்லாத இடத்தில் நோய்க்கு ஒரு முகம் இருந்தால் அதன் காலில் விழலாம், கெஞ்சலாம், கூழ் ஊற்றலாம். கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் இருக்க அவளுக்குக் கிடைத்த ஒரே வழி அது. ஆனால் கெஞ்சுவதற்காக அவள் வைத்துக்கொண்ட முகம், எட்டு வயதுப் பிள்ளைக்குத் தண்டிக்கிற முகமாகத் தெரிந்தது. அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும்போது நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

பையனை உட்காரவைத்து விசாரித்தேன். காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறான். பள்ளிக்கூடக் கழிவறையில் தாழ்ப்பாள் இல்லை, தரையெல்லாம் ஈரம், பெரிய பையன்கள் கதவைத் தட்டுகிறார்கள். அதனால் போவதில்லை. பள்ளி முடிந்து டியூசன். வீடு சேர ஐந்து மணி. அதற்குள் வந்த உணர்வு போய்விடுகிறது. நாலைந்து நாளைக்கு ஒரு தடவை, அதுவும் கல் மாதிரி, அழுதுகொண்டே. இடையில் உள்ளாடையில் கறை படுகிறது. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் வயிற்றுப்போக்கு என்று நினைத்து, அதை நிறுத்த மருந்து கொடுத்திருக்கிறார்கள். “இவ்ளோ பெரிய பையன், வெக்கமா இல்ல?” என்று திட்டும் விழுந்திருக்கிறது.

மலச்சிக்கல் உள்ள பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். அடக்க அடக்கப் பெருங்குடல் மலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இறுகும், வலிக்கும். வலிக்குப் பயந்து மறுபடி அடக்குவான். மலக்குடல் விரிந்து விரிந்து, ‘போகவேண்டும்’ என்ற உணர்வே மழுங்கிப்போகும். இறுகியதைச் சுற்றிக்கொண்டு இளகியது கசியும். பிள்ளைக்குத் தெரியாமலே கசிவது அது. சோம்பலோ கெட்ட பழக்கமோ இல்லை. அம்மாவைக் கூப்பிட்டு இதைச் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. மறுநாளே கிளினிக்குக் கூட்டிப்போனார். மலத்தை இளக்குகிற லாக்டுலோஸ் பாகு கொடுத்தார்கள். சில மாதம் விடாமல் கொடுக்கச் சொன்னார்கள். என் பங்குக்கு நான் சொன்னது ஒன்று: காலையில் பசியாறிய பிறகு பத்து நிமிஷம், காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி போட்டு, அவசரப்படுத்தாமல் உட்காரவைக்க வேண்டும். சாப்பாடு இரைப்பையில் விழுந்ததும் பெருங்குடல் தானாக அசைந்து கொடுக்கும். உடம்பே கூப்பிடுகிற நேரம் அது. அதற்காக அரைமணி முன்னால் எழுப்பச் சொன்னேன்.

உடம்புக்கு இவ்வளவு போதும். கேள்விக்குப் பதில் பாக்கி இருந்தது.

பையனுடைய மாமா படித்தவர், திருமுறை ஓதுகிறவர். அவர் என்னிடம் நேராகவே கேட்டார்: “எல்லாம் வினைப்பயன்னுதானம்மா சித்தாந்தம் சொல்லுது? புள்ளைங்களுக்கு அதை மறைக்கலாமா?” மறைக்கக் கூடாதுதான். அதனால் அன்றிரவு புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஈசன் சூலை கொடுத்தார் என்று சொல்கிறவர் சேக்கிழார். அப்பர் 7-ஆம் நூற்றாண்டு. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டு. நடுவில் ஐந்நூறு வருஷம். திருவதிகையில் வலியோடு நின்று பாடிய பதிகத்தில் அப்பர் என்ன சொல்கிறார்? தான் செய்த பிழை எதுவென்று தனக்கே தெரியவில்லை என்கிறார். வலியைத் தாங்க முடியவில்லை, நீக்கும் என்கிறார். எங்கே வலிக்கிறது என்றும் சொல்கிறார்: வெளியே தெரியாமல், வயிற்றின் உள்ளே, குடலைப் பிடித்து முடக்குகிறது. தாதியாக இருந்தவள் காதுக்கு இது நோயாளி தரும் விவரம். இடம் இருக்கிறது, தன்மை இருக்கிறது, மற்றவர் கண்ணுக்குப் புலப்படவில்லை என்ற தவிப்பும் இருக்கிறது. ஆயிரம் தடவை பாடியிருக்கிறேன். வார்டில் இருபது வருஷத்துக்குமேல் ‘எங்கே வலிக்குது, எப்படி வலிக்குது’ என்று கேட்டவள், அவர் இவ்வளவு துல்லியமாகப் பதில் சொல்லியிருப்பதை அன்றுதான் கேட்டேன்.

திலகவதியாரைப் பாருங்கள். தம்பி இரவோடிரவாக வந்து காலில் விழுகிறார். தெரியாமல் போய் விழுந்துவிட்டீர், எழுந்திரும் என்ற பொருளில்தான் பேசுகிறார். திருநீறு கொடுக்கிறார். விடியும் வேளையில் விளக்குமாறும் சாணமும் தண்ணீர்க் குடமும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு, கோயிலைப் பெருக்கப் போகிறார்.

பிறகு சம்பந்தர். கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், அவருடன் வந்த அடியார்களைக் குளிர்க்காய்ச்சல் பிடித்தது. அப்போது பாடிய திருநீலகண்டப் பதிகத்தின் தொடக்கமே அந்த மாமாவின் கேள்விக்குப் பதில். முன்செய்த வினைக்கு இந்தத் துன்பம் என்று சொல்லத் தெரிந்த நீங்கள், அதிலிருந்து தப்பும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று கேட்கிறார். வினை இல்லை என்று அவர் சொல்லவில்லை. வினை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பதைத்தான் தாங்கமுடியாமல் கேட்கிறார். அதுவும் காய்ச்சலில் கிடக்கிறவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு.

இதை வைத்து நான் பிடித்துக்கொண்ட முடிவு இது. தன் வலியைத் திரும்பிப் பார்த்து, ‘இதன் வழியாகத்தான் அவன் என்னை அழைத்தான்’ என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். வலி தணிந்த பிறகு, தானே, தன் வாயால். படுக்கையில் கிடக்கிறவரைப் பார்த்து அதைச் சொல்ல இன்னொருவருக்கு உரிமை கிடையாது. பெற்றவர்களுக்கும் கிடையாது, தேவார ஆசிரியைக்கும் கிடையாது. குழந்தையைப் பார்த்துச் சொல்வது கொடுமை.

அப்படிச் சொல்லலாம் என்கிறவர்களுக்கு 1988-ஐ நினைவுபடுத்துவேன். அக்டோபர் மாதம், பக்கத்துப் பேராக்கில், சீனர்களின் ஒன்பது பேரரசர் விழாவை ஒட்டிய நாட்களில், 13 சீனப் பிள்ளைகள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் தின்ற லோ ஷி ஃபன் நூடுல்ஸில் அஃப்லாடாக்சின் இருந்தது. பூஞ்சை பிடித்த தானியத்தில் உண்டாகும் நஞ்சு அது. சாமிக்கு விழா எடுக்கிற வாரத்தில், வீட்டார் ஆசையாக வாங்கிக் கொடுத்ததைத் தின்ற பிள்ளைகள். இதில் எந்தப் பிள்ளையின் குற்றத்தைத் தேடுவீர்கள்? தேடவேண்டிய இடம் மாவு மூட்டை, கிடங்கு, ஈரம். அதைத் தேடினால் அடுத்த பிள்ளையைக் காப்பாற்றலாம்.

அதற்குப் பிறகு என் வகுப்பு மாறியது. தேவாரம் முடிந்து அரைமணி நேரம் வயிற்றுப் பாடம். முதல் வாரம் ஆறு மீட்டர் நைலான் கயிறு வாங்கிப்போனேன். “இதுதான் உள்ளே சுருண்டு கிடக்கிற சிறுகுடல், பெரியவங்களுக்கு” என்றேன். பிள்ளைகள் மண்டபம் முழுக்கத் தேர்வடம் போலப் பிடித்து நின்றார்கள். தைப்பூசத்தில் வெள்ளித்தேர் தண்ணீர்மலைக்குப் போகிற வழியைப் போலச் சோறு போகிற வழியைச் சொல்லிக்கொண்டே வந்தேன். எங்கே எதற்காக நிற்கிறது, எங்கே எதைக் கொடுத்துவிட்டுப் போகிறது என்று. கயிற்றின் கடைசிமுனையைப் பிடித்திருந்த சிறுமி, “என்கிட்ட வரும்போது என்ன மிச்சம் இருக்கும்?” என்று கேட்டாள். மலம் என்றேன். சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மும்மலத்துக்குப் போனேன்.

ஆணவ மலம் உயிர் செய்த குற்றத்தால் வந்ததென்று சைவ சித்தாந்தம் சொல்லவில்லை. செம்பில் களிம்பு போல, நெல்லில் உமி போல, தொடக்கம் இல்லாத காலத்திலிருந்தே கூட இருப்பது. அது பக்குவப்பட வேண்டும். மலபரிபாகம் என்று அதற்குப் பெயர். பக்குவமாகும்போது அருள் பதிகிறது. மலத்தை வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று ஈசன் எந்த உயிரையும் வெட்கப்படுத்துவதில்லை. உடம்பிலிருந்து கழிவதற்கும் உயிரைப் பிடித்திருப்பதற்கும் நம் பெரியவர்கள் ஒரே சொல்லை வைத்தார்கள். உடம்பைப் பற்றிய கூச்சம் அவர்களுக்கு இருந்திருந்தால் அப்படி வைத்திருக்கமாட்டார்கள்.

இரண்டாவது வாரம், வலியைச் சொல்லும் பாடம். “வயிறு வலிக்குது” என்றால் போதாது. அப்பர் மாதிரி சொல்ல வேண்டும் என்றேன். சின்னப் பிள்ளைகள் எல்லாரும் தொப்புளைத்தான் காட்டுவார்கள். பெரும்பாலும் அது பயப்பட வேண்டாத வலி. தொப்புளை விட்டுத் தள்ளித் தள்ளிக் காட்டுகிற வலியைத்தான் நாங்கள் வார்டில் உற்றுப் பார்ப்போம். தொப்புளில் தொடங்கி வலதுபக்கம் கீழே இறங்கி அங்கேயே நின்றால், பச்சையாக வாந்தி வந்தால், மலத்தில் ரத்தம் இருந்தால், வெகுநேரம் சிறுநீர் போகாவிட்டால், ராத்திரி இரண்டு மணியானாலும் அம்மாவை எழுப்பு. திட்டுவார்கள் என்று படுத்துக் கிடக்காதே. இதைப் பதிகம் போலவே ஒப்பிக்க வைத்தேன்.

மூன்றாவது வாரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை, உப்பு, ஒரு தேக்கரண்டி. கரண்டியில் குவித்து அள்ளிய சர்க்கரையைக் கத்தியின் முதுகால் வழித்துச் சமன்செய்யக் காட்டினேன். அப்படி ஆறு கரண்டி. உப்பு அரைக் கரண்டி, அதுவும் வழித்து. உப்பு கூடினால் கெடுதல் என்பதால் ஒவ்வொருவரும் அளந்த உப்பை நான் பார்த்த பிறகுதான் தண்ணீரில் போட விட்டேன். கலக்கி ஆளுக்கு ஒரு மடக்கு. “கண்ணீர் மாதிரி இருக்கு” என்றாள் ஒருத்தி. அதுதான் அளவு, கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது என்றேன். கிளினிக்கில் கொடுக்கும் பொட்டலம் இருந்தால் அதுதான் நல்லது. இல்லாத ராத்திரிக்கு இது.

அந்தத் தண்ணீரின் கதையையும் சொன்னேன். 1971-இல் வங்கதேசப் போரில் அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தபோது போன்காவ்ன் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. திலீப் மஹலானபிஸ் என்ற மருத்துவர், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி, கூட இருந்த உறவினர்களிடமே குவளையைக் கொடுத்து ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. சர்க்கரை கூட இருந்தால் காலராவிலும் சிறுகுடல் உப்பை உள்ளே விடும். உப்பின் பின்னால் தண்ணீர் போகும். அவ்வளவுதான் ரகசியம். 1980-லிருந்து வங்கதேசத்தில் பிராக் அமைப்பின் பெண்கள் வீடு வீடாகப் போய், மூன்று விரல் உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் என்று தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு வேறு ஆள் போய் விசாரிக்கும்போது தாய்மார்கள் எவ்வளவு நினைவு வைத்திருக்கிறார்களோ அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்தவருக்குச் சம்பளம். ஆசிரியர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். என் பாட்டிக்கு இந்தத் தண்ணீர் தெரிந்திருந்தால், ஜெரெஜாக்கில் தன் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அழுதிருக்கமாட்டாள்.

பிரசாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்பருக்கு நஞ்சு கலந்த பாற்சோறு கொடுத்தும் அது அமுதானது என்ற இடத்தில் ஒருவன் எழுந்தான்: “அப்போ கெட்டுப்போன பிரசாதத்தையும் ‘நமசிவாய’ சொல்லிட்டுச் சாப்பிடலாமா?” நல்ல கேள்வி. பெரியவர்களே அதைத்தானே செய்கிறோம். காலை படைத்த சர்க்கரைப் பொங்கலை இந்தப் பினாங்கு வெயிலில் சாயங்காலம் வரை மூடிவைத்து, பிரசாதத்தைக் கொட்டக்கூடாதென்று சின்னப் பிள்ளைக்கு ஊட்டுகிறோம். சோற்றில் வளரும் பாசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்து கொதிக்கவைத்தாலும் சாகாது. அது வாந்தி வரவைக்கும் நஞ்சைக் கக்கிவிட்டால் சோற்றை மறுபடி சூடாக்கினாலும் போகாது. அப்பருக்கு நஞ்சைக் கொடுத்தவர்கள் பகைவர்கள். நாமே பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுச் சாமியை அமுதாக்கச் சொல்வது பக்தி ஆகாது. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிடுங்கள்; கெட்டதை மண்ணில் போட்டு மூடுங்கள். படைத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பதில் எந்தத் தெய்வமும் குறை காணாது.

உழவாரம் என்ற கருவியைத் தோளில் வைத்துக்கொண்டுதான் அப்பர் படங்களில் நிற்பார். வயிற்றுவலி தீர்ந்த மனிதர் கையில் எடுத்தது புல் செதுக்குகிற கருவி. எங்கள் வகுப்பும் மாதம் ஒருமுறை உழவாரப்பணி செய்யும்; தூண் துடைப்போம், விளக்குத் தேய்ப்போம். இந்த வருஷம் அதில் மண்டபத்துக் கழிவறையையும் சேர்த்தேன். தாய்மார்களில் இரண்டு பேருக்கு முகம் சுருங்கியது. பையனுடைய மாமா ஒன்றும் சொல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனார். தரையைத் தேய்த்தார். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் வாங்கிவந்து, திருப்புளியால் தானே முடுக்கினார். நான் ஒரு சின்ன முக்காலியையும் சோப்பையும் கொண்டுபோய் வைத்தேன். இருபது வினாடி கை கழுவ ஒரு தேவார அடியை இரண்டு முறை மெதுவாகப் பாடினால் சரியாக இருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

பையனுக்குக் குணமாக நாலு மாதம் போல ஆனது. நடுவில் இரண்டு தடவை பழையபடி ஆகி, திரும்ப முதலிலிருந்து. போன மாதம் ஒரு ஞாயிறு, வகுப்பு நடுவே கையைத் தூக்கிவிட்டு எழுந்து போனான். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாடிக்கொண்டிருந்தோம். ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி வந்து உட்கார்ந்தவன், பதிகம் முடிந்ததும் கேட்டான்:

“வலி போனப்புறம் அப்பர் மொதல்ல என்னா சாப்பிட்டாரு டீச்சர்?”

“நீ என்ன நினைக்கிற?”

கொஞ்ச நேரம் யோசித்தான். “கஞ்சிதான். அந்த அக்கா வச்சுக் குடுத்திருப்பாங்க. உப்பு கொஞ்சமா போட்டு.”

பக்கத்தில் இருந்த சிறுமி தலையை ஆட்டினாள். “வழிச்சுதான் போட்டிருப்பாங்க” என்றாள்.